சித்தப்பாவின் புரட்சியும் என் கையெழுத்தும்

எங்கள் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் உலகத்தில் நடந்த எல்லாப் புரட்சிகளும் இருந்தன. பிரான்சில் நடந்தது, ருஷ்யாவில் நடந்தது, சீனாவில் நடந்தது, எனக்குப் பெயரே வாயில் நுழையாத தேசங்களில் நடந்தது. கோயமுத்தூரில் நாலு வருஷம் காலேஜுக்குப் போனவர், பட்டம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். எந்த ராஜா எப்படிக் கவிழ்ந்தான் என்று விலாவாரியாகச் சொல்வார். அவிழ்த்துக்கொண்டு ஓடிய கன்றைப் பிடித்துக் கட்டச் சொன்னால் எங்களைக் கூப்பிடுவார். ஏட்டுச் சுரைக்காய் என்று என் அம்மா அவருக்குப் பெயர் வைத்திருந்தாள். அவர் காதுபட மட்டும் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. கேரள எல்லைக்குள், கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். கோடை லீவு வந்தால் தோட்டத்துக் கொட்டகையான எங்கள் சாளையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து விதைக்கடலை உரிப்பார்கள். இவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டி விழிப்பு உண்டாக்க வேண்டும் என்று அந்த வருஷம் சித்தப்பாவுக்குத் தோன்றிவிட்டது. அவர் புத்தகமும் கையுமாக உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மடியிலிருந்த கடலையெல்லாம் தரையில் சிதறியது.

"உக்காருங்க, எல்லாரும் சமம்" என்றார்.

"இருக்கட்டுங்க" என்றார்கள்.

சமத்துவத்தைப் பற்றி அவர் அரைமணி நேரம் வாசித்தார். அந்த அரைமணி நேரமும் அவர்கள் நின்றுகொண்டேயிருந்தார்கள். மூன்றாம் நாள், இப்படியே போனால் வைகாசிக்கு விதைக்க ஒரு பருப்புகூட மிஞ்சாது என்று அம்மா சத்தம் போட்டாள். அதனால் சித்தப்பா வேறு வழி கண்டுபிடித்தார். அந்த வழி நான்தான். பத்து வயசுப் பிள்ளை வாசித்தால் யாரும் எழுந்து நிற்க மாட்டார்களாம்.

என் வயசுப் பிள்ளைகள் வாய்க்கால் மேட்டில் நொங்கு தின்றுகொண்டிருக்க, நான் நாளைக்கு இருபது பக்கம் வாசிக்க வேண்டும். இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. அந்தப் புத்தகங்களில் ஒரு வாக்கியம் தொடங்கினால் அடுத்த பக்கத்தில்தான் முடியும். சண்டை வரும்போல் இருக்கும், வராது. சபை கூடும், பேசுவார்கள், கலைவார்கள், மறுபடியும் கூடுவார்கள். சித்தப்பாவோ எனக்கு வேலை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய் அங்கே புரட்சி பேசுவார். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் முதல் பக்கங்களைத் தள்ளித் தள்ளி வாசித்தேன். அதுவும் அலுத்ததும் என் இஷ்டத்துக்குக் கதை கட்டினேன். ராணியின் ஒட்டியாணத்தை நானே காணாமல் போக்கினேன்.

புத்தகத்தை மூடப் போனால் அவர்கள் விடமாட்டார்கள். "இன்னுங் கொஞ்சம் படிங்க அம்மிணி" என்பார்கள். அதிலும் மாராத்தாள் இருக்கிறாளே, அவள் கேள்விமேல் கேள்வி கேட்பாள். எங்கள் கிணற்றடியில் குடிசை போட்டிருந்தவள் அவள். என் அம்மாவைவிட மூத்தவள். நாங்கள் அவளைப் பெயர் சொல்லி வா, போ என்போம். அவள் எங்களை வாங்க, போங்க என்பாள், அப்பாவைப் பண்ணாடி என்பாள். அதில் ஏதும் கோளாறு இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, சித்தப்பா உள்பட.

"ராசா ஓடிப்போன பொறவு, அந்தூர்ல குடிசை போட்டிருந்தவங்களுக்கு என்னங்க கெடச்சுது?"

"பத்து சென்ட்" என்றேன். அப்போது ஊரெல்லாம் அதுதான் பேச்சு. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருப்பவர்களுக்குக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் பாத்தியதை உண்டு என்று சட்டம் வந்திருந்தது. பிரான்சுக்காரர்களுக்கு மட்டும் ஏன் குறைக்க வேண்டும்?

"சும்மா குடுத்துப்போட்டாங்களா, எழுதிக் கேக்கோணுங்களா?"

"எழுதித்தான் கேட்கணும்."

மறுநாள் அவள் மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். மலையாளத்தில் அச்சடித்த மனுப் பாரம். உலகப் புரட்சி அனைத்தையும் கரைத்துக் குடித்த சித்தப்பாவுக்கு மலையாளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. ஆபீஸ் கடுதாசி படிக்க ஊட்டுக்கு ஒருத்தராவது வேண்டும் என்றுதான், வீட்டிலேயே தமிழ் படித்திருந்த என்னை மலையாளப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார். ஆக, அந்தத் தோட்டத்தில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

வாசித்துச் சொன்னேன். எழுதியும் தரச் சொன்னாள். இருபது பக்கத்துக்குப் பதில் ஒரு பக்கம் என்றால் கசக்குமா? சித்தப்பாவின் தடிப் புத்தகத்தின் மேல் பாரத்தை விரித்து, அவருடைய பேனாவாலேயே எழுதினேன். சர்வே நம்பர் எனக்கு மனப்பாடம். அப்பாவுக்கு நிலவரி ரசீதை வாசித்துக் காட்டுபவளே நான்தானே. நிலத்தின் உடமஸ்தன் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை இனிஷியலோடு குண்டுகுண்டாக எழுதினேன். எழுதி முடிக்கும்வரை கடலை உடைபடும் சத்தம் நின்றிருந்தது. ஒருத்தி மட்டும் வாசலில் போய் நின்று, மழை வருகிறதா என்பதுபோல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் எழுத்தழகில்தான் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அப்பாவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். மாராத்தாளின் மனு, கிணற்றடி, பத்து சென்ட். மூன்று தரம் வாசிக்கவைத்தார். அந்தக் கிணற்றடியில் மோட்டார் ரூம் கட்டுவதற்காக, ஆடிக்குள் குடிசையைப் பாறைக்காட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார். குடிசை நகர்ந்துவிட்டால் அவளுக்குக் கிடைப்பது பத்து சென்ட் பாறைதான். மனு முந்திக்கொண்டது.

அப்பா நேராகச் சித்தப்பாவிடம் போனார். "எல்லாம் உன்ற புஸ்தகம் பண்ணுன வேலை!"

சித்தப்பாவின் முகம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். "சரித்திரத்தை ஆராலயும் தடுக்க முடியாதுங்ணா" என்றார்.

"உன்ற சரித்திரம் என்ற கெணத்தடிக்குத்தான் வரோணுமா?"

மறுநாள் வில்லேஜ் ஆபீசுக்குப் போய்வந்த அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் சாளைக்குள் நுழைந்தார். பெண்கள் எழுந்து நின்றார்கள். கடலை சிதறியது.

"எழுத்து முத்து முத்தா இருக்குதுன்னு ஆபீஸ்ல இருக்கறவனே மெச்சறான். எவன் எழுதிக் குடுத்தது? சொல்லு மாராத்தா. அந்தக் கைய ஒடிச்சுப்போடறேன்."

முத்து முத்தாக! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூட ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. கை ஒடிகிற சங்கதி என் காதிலேயே ஏறவில்லை. "நான்..." என்று வாயைத் திறந்தேன்.

"டீக்கடையில ஆரோ ஒரு மலையாளத்துக்காரருங்க பண்ணாடி" என்று மாராத்தாள் குரலை உயர்த்தினாள். அப்பாவிடம் அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. "பேரு தெரியாதுங்க. வழியில போனவருங்க."

"நாளையிலிருந்து எங்க தோட்டத்துல கால் வெக்காதே" என்றார் அப்பா. அவள் மடியை உதறி, கீழே விழுந்த பருப்புகளைப் பொறுக்கி முறத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. தான் வாசிக்கவைத்த புத்தகத்தால் ஒரு சாளையே விழித்தெழுந்த கதையை இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அது அந்தக் காலகட்டத்தின் விளைவு, தனிமனிதர்கள் முக்கியமில்லை என்று எனக்கே பாடம் நடத்தினார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மாராத்தாளுக்குக் கிணற்றடியிலேயே பத்து சென்ட் கிடைத்தது. இரண்டு வருஷம் இழுத்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கஞ்சிக்கோட்டில் ஏதோ கம்பெனி கட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் விடிந்ததும் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, கல் சுமக்க அவ்வளவு தூரம் நடந்தாள். என் பள்ளிக்கூடத்துக்கும் அதே வழிதான்.

"பள்ளிக்கொடத்துக்குங்களா அம்மிணி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள்.

நான் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அத்தனை அழகாக நான் எழுதியதை, பெயர் தெரியாத எவனோ எழுதினான் என்று ஊர் முன்னால் பொய் சொன்னவள் அல்லவா அவள். அந்த வருஷம் முழுக்க நான் அவளோடு டூ விட்டிருந்தேன்.