என் காலுக்கு மட்டும் கிளம்பிய வண்டி

என் வலது காலுக்கு ஒரு விசேஷ சக்தி உண்டு என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். சின்ன வயதில் நம்பியதைச் சொல்லவில்லை. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, தலைமுடி ஒவ்வொன்றாக விடைபெறத் தொடங்கிய பிறகும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் நாலு பேர் கூடிய இடத்தில் அதைச் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொண்டேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் நன்றாகக் கதை சொல்வதால் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் ஒரு மோட்டார் பைக்கைப் பற்றியது. அப்பா முட்டம் கடற்கரையில் விடியற்காலை மீன் ஏலம் எடுத்து, பைக்கின் பின்னால் பெட்டி கட்டி, குலசேகரம் பக்கத்து மலையோர ரப்பர் தோட்ட ஊர்களுக்குக் கொண்டுபோய் வீடு வீடாக விற்பார். நூறு சிசி வண்டி. அதன் நிறம் நீலம் என்பது ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு உப்பும் செதிலும் அதன்மேல் படிந்திருந்தன.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், ஆனி மாத மழையில், ஏலம் எடுக்கப் போன அப்பா பாறையில் வழுக்கி விழுந்தார். வலது முட்டு வீங்கிவிட்டது. அம்மா எண்ணெய் போட்டு உருவிவிட்டபடியே தீர்ப்பும் சொன்னாள்.

"கேட்டியளா, காலு சரியாவலேன்னா அந்த மலையோட்டத்த நிறுத்திருங்க. கோட்டாறு சந்தையில ஒரு இடம் பிடிச்சு இருந்து வித்தாப் போதும்."

"காலுக்கு என்னட்டி? காலு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றார் அப்பா.

அப்பாவுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து விற்பது என்றால் ஜெயிலுக்குப் போவது மாதிரி. அந்த மலைப்பக்கத்து வீடுகளில் எந்த வீட்டுக்குச் சாளை, எந்த வீட்டுக்கு நெத்திலி, எந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் மருமகளுக்கு இறால் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் போகாவிட்டால் மறுநாளே வேறொருவன் அந்த வாசல்களில் ஹாரன் அடிப்பான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு பதவி கிடைத்தது. காலையில் அப்பா பெட்ரோல் திறப்பைத் திறப்பார், சோக்கை இழுத்துவிடுவார், குனிந்து கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி ஒரு இடத்தில் கொண்டு நிறுத்துவார். பிறகு கூப்பிடுவார்.

"மக்கா, ஒரு மிதி மிதிச்சிட்டுப் போலே."

நான் ஓடிப்போய் மிதிப்பேன். வண்டி ஒரே மிதியில் சீறிக் கிளம்பும்.

"கொள்ளாம்லே! ஒனக்க காலு பட்டாத்தான் இந்தச் சவம் கிளம்புது," என்பார்.

ஒரு மனிதனின் புத்தி கெட்டுப்போக அவ்வளவு பாராட்டு போதும். பள்ளிக்கூடத்தில் சொன்னேன். வேதபாட வகுப்பில் சொன்னேன். அக்காவிடம் சொன்னபோது மட்டும், "அப்பாக்கு ஏன் கிளம்ப மாட்டேங்குது?" என்று கேட்டாள். அவள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. சட்டையில் பட்டன் அறுந்திருந்தால்கூட விசாரணைக் கமிஷன் வைக்கிறவள். பொறாமையில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதங்களில் அப்பாவிடம் வேறு சில மாற்றங்களும் தென்பட்டன. வழியில் டீ குடிக்க நின்றால் வண்டியை அணைக்க மாட்டார். பெட்ரோல் வீணாகிறதென்று அம்மா சத்தம் போட்டாள். நிறுத்தியே தீர வேண்டுமென்றால் இறக்கமான இடம் தேடி நிறுத்துவார். உருட்டிவிட்டுக் கியரைப் போட்டால் கிளம்பிவிடும். உட்காரும்போது வலது காலை நீட்டி வைத்துக்கொள்வார். எனக்கு அதெல்லாம் ஸ்டைலாகப் பட்டது. நானும் வகுப்பில் காலை நீட்டி உட்கார்ந்து வாத்தியாரிடம் அடி வாங்கினேன். அப்பா பாறையில் விழுந்ததையும் எனக்குக் கிடைத்த பதவியையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆவணியில் ஒருநாள் வண்டி சமதளத்தில் நின்றுபோய்விட்டது. உதவிக்கு ஆள் இல்லாத ரப்பர் தோட்டத்து ரோடு. அப்பா தள்ளிக்கொண்டே ஊர் போய்ச் சேர்வதற்குள் மீன் பாதி கெட்டுவிட்டது. பிளக்கில் கோளாறு என்று அம்மாவிடம் சொன்னார். அன்று மாலை லோக்கல் கேபிளில், பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு விளம்பரம் ஓடியது. அப்பா சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"செல்ஃப் ஸ்டார்ட் உண்டாம்," என்றார். "கட்டை விரலால அமுக்குனாப் போதுமாம்."

"ஓடுத வண்டிய எதுக்கு மாத்தணும்?" என்றாள் அம்மா.

"உப்பு தின்னு போச்சுட்டி."

கட்டை விரல் என்று கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பதவி போகப்போகிறது. அந்தோணியாரிடம் ரகசியமாக மன்றாடினேன்: எங்கள் வண்டியை யாரும் வாங்கக் கூடாது.

மீன் ஏற்றிய வண்டி என்று தெரிந்தால் விலையைப் பாதியாக்கிவிடுவார்கள் என்று யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். எனவே சனிக்கிழமை முழுக்க வண்டிக்கு ஸ்நானம். பெட்டியைக் கழற்றிக் கொல்லையில் போட்டார்கள். அம்மா புளியும் தேங்காய் நாரும் வைத்து வெண்கல விளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். உள்ளே நீல நிறம் உண்மையிலேயே இருந்தது. ஆனாலும் வாடை போகவில்லை. வேண்டுதல் ஒரு பக்கம் இருந்தாலும், குடும்பத்துக்கு என் பங்காக மஸ்கட் மாமா கொடுத்த சென்ட் பாட்டிலை முழுதாக சீட்டுக்கு அடியில் கவிழ்த்தேன். சென்ட் மீன் வாடையை விரட்டவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துப்போய்க் குடித்தனம் தொடங்கிவிட்டன.

"மக்கா, நீயும் வா," என்று அப்பா திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொன்னார். ஏன் என்று அக்கா கேட்டாள். நான் கேட்கவில்லை. லீவு தந்தால் காரணம் கேட்கிற ஜாதி இல்லை நான்.

நாகர்கோவில் ஷோரூமில் பழைய வண்டிக்கு மதிப்புப் போடும் ஆள் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். காதில் பேனா. வண்டியை ஒரு சுற்று சுற்றி, மூக்கை உறிஞ்சினார்.

"என்ன அண்ணே, வண்டிக்குக் கல்யாணமா?"

"பையன் கொஞ்சம் சென்ட் அடிச்சிட்டான் சாரே."

"மீன் வண்டியா?"

"சே, சே. வீட்டு ஆவசியத்துக்கு மட்டும்தான்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பூனை வந்தது. சாம்பல் நிறத்தில் கொழுத்த பூனை. நேராக எங்கள் வண்டியிடம் வந்து, கேரியரை நிமிர்ந்து பார்த்து, மியாவ் என்றது. அப்பா காலால் தரையைத் தட்டினார். அது போகவில்லை. பின் சக்கரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு இன்னும் உருக்கமாக அழைத்தது. கொஞ்ச நேரத்தில் துணைக்கு இன்னொன்றும் வந்தது.

"வீட்டு ஆவசியந்தான். பூனை வீடு போல," என்றார் மதிப்புக்காரர். விற்பனைப் பையன்கள் கண்ணாடிக்குப் பின்னால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அப்பாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். அப்பா அணைக்காமல் ஓடவிட்டிருந்த எஞ்சினை மதிப்புக்காரர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

"ஒரு மிதி மிதியுங்க அண்ணே. ஸ்டார்ட்டிங் பாக்கணும்."

"மகன் மிதிப்பான்."

"ஆர்.சி. ஒங்க பேருலயா, மகன் பேருலயா? சும்மா மிதியுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். முதல் மிதி பாதியிலேயே நின்றது. இரண்டாவதில் கால் நழுவி, கிக்கர் திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே அடித்தது. அப்பா சத்தம் போடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அந்தக் குளிர்ந்த ஷோரூம் வாசலில் வேர்ப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

மதிப்புக்காரர் காதிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஸ்டார்ட்டிங் கம்ப்ளெயின்ட்னு போடுதேன். எடுக்கது கஷ்டந்தான் அண்ணே."

என் மன்றாட்டு பலித்துவிட்டது. நான் சும்மா நின்றிருந்தால் போதும், பதவி பிழைத்திருக்கும். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பையன்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவை வைத்துச் சிரிக்கிறார்கள் என்று பட்டது. நான் பூனையைத் தாண்டி ஓடினேன்.

"சாரே, இது அப்பாக்குக் கிளம்பாது. எனக்குத்தான் கிளம்பும்!"

ஒரே மிதி. வண்டி சீறியது. பூனைகள் டீக்கடைக்கே ஓடிவிட்டன.

"பாத்தியளா?" என்றேன்.

மதிப்புக்காரர் வண்டியைப் பார்க்கவில்லை. அப்பா இடது காலில் முழுப் பாரத்தையும் கொடுத்து, ஹாண்டில்பாரைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்தார்.

"டெய்லி நீதான் மிதிப்பியாலே?"

"ஆமா. மழை தொடங்குனதுல இருந்து நான்தான்."

அவர் தன் காகிதத்தைப் பார்த்தார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். "எஞ்சின் கொள்ளாம். ஒரு கேடும் இல்ல," என்றார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே, சிரிச்சது போதும். அண்ணனுக்குச் செல்ஃப் உள்ள மாடலக் காட்டு." அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார். "மீன் பெட்டி வச்சுக் கட்டுத மாதிரி நல்ல பெலமான கேரியரும் போட்டுத் தரச் சொல்லுதேன் அண்ணே."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

என் மிதியைக் கண்டு மிரண்டுபோய்த்தான் அவர் நல்ல விலை போட்டார் என்று நான் புரிந்துகொண்டேன். அந்தப் புரிதலோடுதான் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.

புது வண்டிக்கு ஷோரூமிலேயே சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் நடந்தது. அப்பா தடுக்கவில்லை, எல்லாச் சாமியும் பாத்துக்கிடட்டும் என்றார். ஊர் எல்லைக் குருசடியில் நிறுத்திச் சிலுவைக்கு முன்னால் மெழுகுவர்த்தி கொளுத்தினோம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்திருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் கண்ட காட்சி அது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த என்னை முன்னால் ஏற்றி, "மக்கா, நீ அமுக்குலே," என்றார். அமுக்கினேன். கிளம்பியது. விரலுக்கும் சக்தி இருக்கிறது என்று ஆறுதல் அடைந்தேன்.

அந்த வண்டியில் அப்பா பிறகு பல மழைக்காலம் மலைப்பக்கம் போய்வந்தார். கோட்டாறு சந்தைப் பேச்சு அம்மாவுக்கே மறந்துபோனது.

போன வருஷம் அக்கா மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், பிரியாணி முடிந்த மயக்கத்தில், கூடியிருந்தவர்களுக்கு இந்தக் கதையைப் பூனை உட்பட நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா வலது காலை நீட்டி வைத்துப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏலே, அந்த வண்டி யாரு மிதிச்சாலும் கிளம்பும். அந்த வீட்டுல ஏன் எதுக்குன்னு கேக்காத மண்டன் நீ ஒருத்தன்தான் இருந்த. அதாம்லே ஒன்னக் கூப்பிட்டேன்."