ஏலக்காய் ஸ்டோரில் உலர்ந்த டயாபிரம்

வாரம் முழுக்கக் கட்டப்பனையில் அடுத்தவர்களின் பைக்குகளைப் பிரித்துப் பூட்டுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று மூன்று வேலைகள் வைத்திருந்தேன்: துணி துவைப்பது, தலைக்குக் குளிப்பது, தூங்குவது. முதல் வேலை முடிந்ததுமே அப்பா தன் பைக்கைத் தள்ளிவந்து துணிக்கொடிக்குக் கீழே நிறுத்தினார்.

அப்பா வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் இருக்கிறார். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, சூடு ஏற்றி உலர்த்தும் வேலை. அந்த வாரம் ஸ்டோருக்கு ஏறும் மேட்டில் வண்டியோடு சாய்ந்துவிட்டார். முழங்கை மட்டும் சிராய்ந்தது. தலை சுற்றித்தான் விழுந்தார் என்றாள் அம்மா. பிரஷர் மாத்திரையை அவர் ஒழுங்காகப் போடுவதில்லை. வண்டி இழுக்காமல் நின்றதால் விழுந்தேன் என்றார் அப்பா. வண்டியில்தான் குறை என்றால், அதைச் சரிசெய்துகொண்டு அவர் தொடர்ந்து ஓட்டுவார். இல்லையென்றால் சாவியை அம்மா வாங்கி வைத்துக்கொள்வாள்.

“நல்லாப் பாரு தாயி. நோவு வண்டிக்குத்தான், எனக்கில்ல.”

“ரெண்டுக்கும் இருந்தா?” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

கார்புரேட்டரைக் கழற்றி மேல்மூடியைத் திறந்தேன். உள்ளே பிஸ்டனின் தலையைச் சுற்றி மெல்லிய ரப்பர் வட்டம் ஒன்று இருக்கும். அதுதான் டயாபிரம். நாம் முறுக்கும்போது இன்ஜின் இழுக்கும் இழுப்பில் அது பிஸ்டனை மேலே தூக்கும்; அப்போதுதான் மேடேறப் போதுமான பெட்ரோல் போகும். துணி போல மடங்க வேண்டிய ரப்பர் பொரிக்காத அப்பளமாக விறைத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம்.

“இத என்னப்பா பண்ணீங்க?”

மேடேறச் சிணுங்குகிறது என்று போன மாதம் அவரே பிரித்திருக்கிறார். டயாபிரத்தைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவியிருக்கிறார். ரப்பர் ஊதிப்போய், விளிம்பு அதற்கான பள்ளத்துக்குள் அடங்கவில்லை. நிழலில் விட்டிருந்தால் தானாகச் சுருங்கியிருக்கும். அவரோ ஸ்டோருக்குக் கொண்டுபோய், காயோடு காயாகத் தட்டில் வைத்துவிட்டார்.

“ஈரம்னா உலத்த வேண்டியதுதான?”

“பெட்ரோல் வாட அடிக்கிற காய எவன் வாங்குவான்? மொதலாளிக்குத் தெரிஞ்சா உங்களையும் தட்டுல வச்சு உலத்திருவாரு,” என்றாள் அம்மா.

ரப்பரை வெயிலுக்கு நேரே பிடித்தேன். மடிப்பில் ஊசித்துளைகள். பசை தடவி அடைத்தால் நாலு நாள் தாங்கலாம். நல்லவேளையாக, பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு கார்புரேட்டரிலிருந்து நல்ல டயாபிரத்தைப் பிஸ்டனோடு எடுத்து வைத்திருந்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் ஆறவிட்டேன். பள்ளத்தைத் துடைத்து, விளிம்பு நழுவாதிருக்க விரல்நுனியில் கிரீஸ் தொட்டுத் தடவி, சுற்றிலும் அழுத்தி உட்காரவைத்து மூடினேன். பிஸ்டனைத் தூக்கி, காற்று வழியை விரலால் அடைத்துக்கொண்டு, விட்டேன். பொத்தென்று விழவில்லை, மெல்ல இறங்கியது. கசிவில்லை. கார்புரேட்டரை வண்டியில் பூட்டிவிட்டு நிமிர்ந்தபோது முதுகு வலித்தது. கொடியில் துணி காய்ந்தே விட்டது. தலைக்குக் குளிப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன்.

“வண்டியில குறை இருந்துச்சும்மா,” என்றேன்.

“கேட்டுக்க,” என்றார் அப்பா அம்மாவிடம்.

அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். அதே மேடு. முறுக்கிய முறுக்குக்கு வண்டி தயங்காமல் ஏறியது. பாதி மேட்டில் அவராகவே வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றினார். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பக்கக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்களை மூடியிருந்தார். நான் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இறங்கினார். நான் முன்னால் உட்கார்ந்ததும் என் தோளைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

“காலையில நீ எத்தன மணிக்குக் கெளம்புவ?”

ஸ்டோர் ஒரு திசை, கட்டப்பனை ஒரு திசை. போகும்போது அவரைக் கொண்டு விட வேண்டும், வரும்போது கூட்டிவர வேண்டும். மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

“ஏழரைக்குப்பா. இனிமே ஆறரைக்கு.”