இங்கெலாவின் இரண்டு கட்டுரைகள்

இங்கெலா ஹெட்ஸ்ட்ராண்டின் அப்பா ஊமியோ நகருக்குத் தெற்கே ஒரு மர ஆலையில் கட்டை தூக்கியவர். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் இங்கெலாதான். அவருடைய கட்டுரை வந்த இதழை அப்பா சமையலறையில் ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு வரி புரியாது. மகளின் பெயரை மட்டும் படித்துவிட்டு மூடி வைப்பார். அந்த மட்டில் நிம்மதியாகவே போய்ச் சேர்ந்தார்.

கட்டுரை சொன்னது இதுதான்: செல் பட்டினி கிடக்கும்போது, அதன் மேல்தோலில் காவல் நிற்கும் ஒரு புரதம் சேதியைத் தூக்கிக்கொண்டு உட்கருவுக்கே ஓடுகிறது. அந்தப் புரதத்தை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில் பச்சைச் சாயம் ஏற்றிப் பார்த்தார். உட்கரு பச்சையாக ஒளிர்ந்தது. படம் அத்தனை அழகு. பாடப்புத்தகங்களில் ஏறியது. புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் அதை மேற்கோள் காட்டி, அதன்மேல் மாடிமேல் மாடி கட்டினார்கள்.

பல வருடம் கழித்து, ஒரு புரதத்தைச் செல்லிலிருந்து அடியோடு நீக்கும் வழி வந்தது. இங்கெலா அந்தக் காவல் புரதத்தை நீக்கிவிட்டு அதே ஆன்டிபாடியை விட்டார். உட்கரு அதே பச்சையில் ஒளிர்ந்தது. வீட்டில் ஆளே இல்லை, விளக்கு எரிகிறது. ஆன்டிபாடி வேறு எதிலோ ஒட்டியிருக்கிறது, முதல் நாளிலிருந்தே.

துறைத் தலைவர் ஹோகன் அவரோடு ஒன்றாகப் படித்தவர். அவரிடம் போனார்.

"அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கப் போறேன்."

"கிறுக்கா உனக்கு? வெளியூர்ல போய் ஊமியோன்னா, இங்கெலா ஊரான்னுதான் கேக்கிறான்."

"அது தப்பு, ஹோகன்."

"தப்புப் பண்ணாதவன் யாரு? உன் கல்யாணத்துல நான் பாடுனேனே, அதை யாராவது திரும்ப வாங்கச் சொன்னாங்களா?"

"உன் பாட்டை நம்பி எவனும் மருந்து காய்ச்சலையே."

இதழாசிரியர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று கண்டதைத்தானே எழுதினீர்கள், இதில் மோசடி ஏதுமில்லை. வேண்டுமானால் புதிதாக ஒன்று எழுதுங்கள் என்றார்கள். எழுதினார். இல்லை என்று சொல்லும் கட்டுரைக்கு யார் பந்தி போடுவார்கள்? பெரிய இதழ்கள் தள்ளிவிட, ஒரு சின்ன இதழ் இடம் கொடுத்தது.

கட்டுரை வந்தால் எழுதியவர் கேக் வாங்க வேண்டும் என்பது அந்தத் துறையில் வழக்கம். வெள்ளிக்கிழமை காபி வேளையில் கேக்கை வெட்டிக்கொண்டே இங்கெலா விஷயத்தைச் சொன்னார். "என்னை நம்பி ஏமாந்துடாதீங்க. பழசை இனிமே யாரும் மேற்கோள் காட்டாதீங்க."

லூட்விக் இரண்டாவது துண்டை எடுத்தான். இங்கெலாவிடம் முதலில் முனைவர் பட்டம் வாங்கியவன். இப்போது அதே தாழ்வாரத்தின் கோடியில் அவனுக்குத் தனி ஆய்வுக்கூடம். "தன் கருமாதிக்குத் தானே கேக் வாங்குன முதல் ஆளு நீதான், இங்கெலா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துத் தொலைத்தார்.

அதன்பிறகு தினமும் காலையில் மேற்கோள் கணக்கைத் திறப்பார். பழையது ஏறிக்கொண்டே இருந்தது. புதியதில் பூஜ்யம். பழையதைக் காட்டியவர்களுக்கெல்லாம் அவரே எழுதினார். பலர் நன்றி சொன்னார்கள்; அடுத்த கட்டுரையிலும் பழையதையே காட்டினார்கள். பெல்ஜியத்திலிருந்து ஒருத்தி மட்டும் எழுதினாள்: இதை என் ஆய்வு தொடங்கும் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

ஒரு நாள் ஹோகன் கதவைத் தட்டினார். "பாத்தியா? புதுசையும் ஒருத்தன் மேற்கோள் காட்டிட்டான்."

இங்கெலா பரபரவென்று அந்தக் கட்டுரையைத் திறந்தார். எழுதியவன் லூட்விக். பட்டினியின்போது இந்தப் புரதம் உட்கருவுக்குள் செல்வது உறுதியாகியுள்ளது என்றது அந்த வாக்கியம். சான்றாக இரண்டு கட்டுரைகள். பழையதும் புதியதும், பக்கத்தில் பக்கத்தில்.

தாழ்வாரத்தின் கோடிக்கு நடந்தார்.

"நீ காட்டியிருக்கியே, என் புதுக் கட்டுரை. அதைப் படிச்சியா?"

லூட்விக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "தலைப்பைப் பாத்தேன். அதே புரதம், அதே ஆளு. உனக்கு ஒண்ணு கூடட்டுமேன்னு போட்டேன்."

"நான் வாய்விட்டுச் சொன்னேனே. நீ எதிர்லதானே உக்காந்திருந்தே."

"சொன்னே. நீ எப்பவும் உன் வேலையை மட்டமாத்தானே பேசுவே? நம்ம ஊர்ல யாருதான் தன்னை ஒசத்திப் பேசுறா? அப்படித்தான்னு நெனச்சேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "அடுத்ததுல சரி பண்ணிடறேன்."

"உன் மாணவர்கள்ல எத்தனை பேர் இதுமேல வேலை செய்றாங்க?"

"எல்லாருந்தான்."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இங்கெலா உள்ளே போனார்.

"அந்தப் பழைய கட்டுரை தப்பு," என்றார். "நான் எழுதுனதுதான். அதை நம்பி வேலை செய்யாதீங்க."

கிட்டத்தில் இருந்த பெண் எழுந்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"இங்கெலாதானே நீங்க? உங்க அடக்கத்தைப் பத்தி லூட்விக் சொல்லிட்டே இருப்பாரு."