பதினோராவது பீஸ்

முனவர் பேகம் கோபம் வந்தால் கத்துகிறவள் அல்ல. கோபத்தை மடித்துப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்வாள். வருஷக் கணக்கானாலும் அது கசங்காமல் அப்படியே இருக்கும்.

எட்டாவதோடு படிப்பை விட்டு, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பிசிறு நூல் வெட்டப் போனவள். பிறகு செக்கிங், சூப்பர்வைசர் என்று ஏறி, இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்குச் சரக்கு வாங்கிக் கொடுக்கும் ஆபீஸில் க்யூசி. கம்பெனி கம்பெனியாகப் போய், கப்பலேறும் முன் சரக்கைப் பார்த்து பாஸ், ஃபெயில் எழுதுவது அவள் வேலை. எவன் நீட்டிய கவரையும் இதுவரை கையால் தொட்டதில்லை.

மகள் இக்ரா அவளைவிட அழுத்தக்காரி. தப்பாய்ப் போன கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைப்பாள். பத்தாவது வரை ஒரு நாள் லீவு போட்டதில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு, பேர் போன ஒரு தனியார் பள்ளியில் கணக்கு குரூப்பில் இடம் கேட்டார்கள். அங்கே ஒரு மணி நேரத்தில் அறுபது கேள்விக்கு டிக் அடிக்கும் பரீட்சை வைத்தார்கள். நிதானமாக யோசித்து எழுதிப் பழகிய பெண்ணுக்கு இருபத்தொன்றுதான் வந்தது.

முனவர் பை நிறையக் கணக்கு நோட்டுகளைக் கொண்டுபோயிருந்தாள். தாளாளர் ஞானசம்பந்தம் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. மற்ற பெற்றோர்கள் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்:

“அம்மிணிக்குக் கணக்கு வராதுங்க. வராததைப் போட்டு எதுக்குக் கசக்கோணும்? தையல் கத்துக் குடுங்க. நம்ம கம்பெனியிலயே வேலை போட்டுத் தர்றேன்.”

இக்ரா பஸ் ஸ்டாப் வரை அழுதுகொண்டே வந்தாள். முனவர் அழவில்லை. அந்த மனுஷன் ஒரு நாள் தன் முன்னால் நின்று கெஞ்ச வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். அதற்குப் பிறகு அவள் அல்லாவிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

பெருமாநல்லூர் அரசுப் பள்ளியில் அதே கணக்கு குரூப்பில் சேர்த்தாள். இக்ரா தன் பாட்டுக்குத் தப்பான கணக்கை மூன்று தடவை போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவதில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. அந்த வாரம் முனவர் வண்டியை நிறுத்தி, தனியார் பள்ளி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் பேனரை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். அங்கே முதல் மார்க்கே ஐந்நூற்று ஐம்பத்தெட்டு. டிக் அடிக்கும் பரீட்சையில் முதலாவதாக வந்த பையனின் படம் பேனரிலேயே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஞானசம்பந்தத்துக்கு இது தெரியாதே என்ற எண்ணம் அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது.

அதற்கும் ஒரு வருஷம் கழித்து, போன மாதம் ஆபீஸ் லிஸ்டில் ஞானசம்பந்தத்தின் கம்பெனி வந்தது. ஆறாயிரம் டீ-சர்ட், மறுநாள் கன்டெய்னர் ஏற வேண்டும். வேறொருவருக்குப் போட்டிருந்த அந்த வேலையை முனவர் வாயால் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆறாயிரத்தில் இருநூறு பீஸ் எடுத்துப் பார்ப்பது முறை. பத்துப் பீஸ் வரை குறை இருந்தால் பாஸ். பதினொன்று என்றால் மொத்தச் சரக்கும் ஃபெயில். சரக்கு நல்ல சரக்கு, அது அவளுக்குத் தெரிந்தது. பத்தோடு நின்றுவிடும் போலிருந்தது. கடைசிக் கட்டைப் பிரித்தபோது ஒரு பீஸின் ஓரத்தில் மிளகளவு எண்ணெய்க் கறை. வேறு கம்பெனியாக இருந்தால், துடைத்து வையுங்கள் என்று செக்கிங் மேஜைக்குத் தள்ளிவிட்டு, எண்ணிக்கையில் சேர்க்க மாட்டாள். எல்லா க்யூசியும் செய்வதுதான். அன்று அதைத் தனியாக எடுத்து வைத்துப் பதினொன்று என்று எழுதினாள்.

ஞானசம்பந்தம் ஓடி வந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை.

“மேடம், ஒரு பீஸ வெச்சு முடிவு பண்ணீராதீங்க. மத்த பெட்டியையும் பிரிச்சுப் பாருங்க. புள்ளைங்க ரண்டு மாசமாப் பாடுபட்டிருக்குதுங்க.”

“என்ற புள்ள பத்து வருசமாப் பாடுபட்டாளுங்க,” என்றாள் முனவர். “அந்த நோட்டையெல்லாம் நீங்க பிரிக்கவே இல்லீங்களே.”

பள்ளியின் பேரையும் இருபத்தொன்றையும் ஐந்நூற்று எழுபத்தொன்றையும் நிதானமாகச் சொன்னாள். மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. முனவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. மூன்று வருஷம் காத்திருந்ததற்கு வட்டியோடு கிடைத்த மாதிரி இருந்தது. அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

செக்கிங் மேஜையின் மூத்தவள் சுப்பாத்தாள் அந்தக் கறைப் பீஸை எடுத்து, கொஞ்சம் மருந்து தொட்டுத் துடைத்தாள். கறை போய்விட்டது.

“கன்டெய்னர் தவறுனா அவரு பணத்தைக் கட்டி ப்ளேன்ல அனுப்பிப்போடுவாருங்க,” என்றாள். “ஆறாயிரத்தையும் நாங்கதானுங்க திருப்பிப் பாக்கோணும். ரண்டு மாசமாப் பாத்துப் பாத்து வெச்சோமுங்க. நாங்க என்னங்க பண்ணுனோம் உங்களைய?”

ரிப்போர்ட்டில் முனவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பதினொன்றைப் பத்தாகத் திருத்தினால் போதும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வெளியே ஞானசம்பந்தம் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அதை ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, பதினொன்று அப்படியே இருக்க, சுப்பாத்தாளின் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.