அண்ணியின் வலது கால்

என் அண்ணி பாதி ஆயுளை பிரேக் மேல் கால் வைத்தே கழித்தவள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அவள் தொழிலே அதுதான். கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளியில் பயிற்சியாளர். பயிற்சிக் காரில் ஓட்டுபவரின் காலடியில் இருக்கும் பிரேக் போலவே பக்கத்து சீட்டின் கீழும் ஒன்று இருக்கும். கற்றுக்கொள்பவர் பதறிப் போய் எதையாவது மிதித்தால், அண்ணி தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிடுவாள். அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர்கூட எதிலும் போய் இடித்ததில்லை. பள்ளி முதலாளி இதைச் சொல்லியே ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருமைக்கு நாங்கள் வீட்டில் பட்ட பாடு வேறு. பஸ்ஸில் போனாலும் அவள் வலது கால் தரையை அழுத்தும். டிவியில் எவனோ காரில் பறந்தால், சோபாவுக்கு முன்னால் போட்டிருக்கும் கால்மிதி சுருண்டு போகும். "அந்த இடத்துல மட்டும் தரை தேஞ்சு போச்சு" என்று என் அண்ணன் ஆள் வரும்போதெல்லாம் காட்டுவான். நானும் ஒரு காலத்தில் அவளிடம் கார் கற்றுக்கொள்ளப் போனேன். தெருமுனை வருவதற்குள் நான் ஓட்டுகிறேனா, அவள் ஓட்டுகிறாளா என்று எனக்கே குழம்பிவிட்டது. ஒரு நாய் எங்கோ தூரத்தில் எழுந்து நின்றாலும் வண்டி நின்றுவிடும். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். அதை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

இப்படிப்பட்டவள் கதை எழுதுவாள் என்று யார் நினைப்பார்கள்? ஒருவர் ஓட்டி முடித்து இறங்கி, அடுத்தவர் வருவதற்குள் இருக்கும் இடைவெளியில், காரிலேயே உட்கார்ந்து செல்போனில் கட்டைவிரலால் எழுதுவாள். எழுதியதும் எனக்கு அனுப்புவாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கூட்டம் இல்லாத நேரத்தில் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பேன். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவள் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தன.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. வட்டார எழுத்தாளர் சங்கம் இரண்டு நாள் பயிலரங்கு நடத்துகிறது. கதை எழுதுவது எப்படி, எழுதியதைப் புத்தகமாக்குவது எப்படி என்று ஒரு பதிப்பகத்தின் எடிட்டரே வந்து சொல்லித் தருவார். தேறுகிற கதைகளைத் தொகுத்து அந்தப் பதிப்பகமே புத்தகமாகப் போடும். அண்ணி தன் கதைகளை அனுப்பினாள். வரச் சொல்லி பதில் வந்தபோது ஒரு வங்கி மேனேஜர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாராம். "ஒரு பக்கம் பிரேக், ஒரு பக்கம் கண்ணீர். அவர் தன்னாலதான் அழறேன்னு நெனச்சு மன்னிப்பு கேட்டுட்டே இருந்தார்" என்றாள்.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "இதுலயும் ஒண்ணும் வரலைன்னா, இதோட விட்டுடறேன். போதும்." கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். நிதானமாகச் சொன்னாள். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. கடையில் லீவு சொல்லிவிட்டு நானே கிளம்பினேன்.

நூலகத்தின் மாடியில் ஒரு கூடம். மேசைகளை ஒட்டிப் போட்டு, சுற்றிலும் நாற்காலி. வாசலில் கையெழுத்துப் போட்டதும் ஒரு ஃபைலும் பேனாவும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் சேர்ந்த பிள்ளை மாதிரி அண்ணி அந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இங்க இருக்கிற எல்லாரும் எழுதுறவங்கடி" என்று என் காதில் சொன்னாள். ஊரில் எழுதுகிற ஆள் தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள் போல. எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. நான் ஒரு வரி எழுதியதில்லை, ஆனாலும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

எடிட்டர் மேடத்துக்கு என் வயதுகூட இருக்காது. அவர் போட்டிருந்த கண்ணாடி ஒரு காதுப் பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. டீ இடைவேளையில் தாங்க முடியாமல் வாங்கி, கம்பியை வளைத்துச் சரி செய்து கொடுத்தேன். "அட, எல்லாரும் நேரா உட்கார்ந்திருக்கீங்களே" என்று சிரித்தார். அதன் பிறகு எனக்கு இரண்டாவது பிஸ்கட் தாராளமாகக் கிடைத்தது.

புத்தகம் போடுவதைப் பற்றி அவர் பேசியபோது அண்ணியை அடக்க முடியவில்லை. பிழை திருத்த மெய்ப்பு எத்தனை தடவை பார்ப்பார்கள், அட்டையை யார் முடிவு செய்வார்கள், ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும், பின்னட்டையில் யார் எழுதுவார்கள் என்று கேட்டுத் தள்ளினாள். "புத்தகம் வித்தா எழுதினவங்களுக்குப் பணம் வருமா மேடம்?"

"வரும். வர்ற அன்னிக்கு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நானும் வந்து பார்க்கிறேன்" என்றார் எடிட்டர். கூடமே சிரித்தது.

மதியத்துக்கு மேல் கதைகளை எடுத்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். முதலில் மாட்டியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். சாதுவான முகம், மெல்லிய குரல். ஆனால் அவர் கதையில் யாரும் உயிரோடு வீடு போய்ச் சேர மாட்டார்கள். "சார், ஒரு ஆளையாவது விட்டு வைங்க" என்று எடிட்டர் கெஞ்சினார். அடுத்தது அண்ணி.

"உங்களுக்கு நல்லா எழுத வருது" என்றுதான் எடிட்டர் ஆரம்பித்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரோடு, வண்டி, அதுக்குள்ள உட்கார்ந்திருக்கிற ஆளுங்க, எல்லாம் கண்ணுக்கு முன்னாடி நிக்குது. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ஒரு கதையில பொண்ணு வீட்டை விட்டுப் போகலாம்னு பையோட பஸ் ஸ்டாண்ட் வர்றா. அங்க அவ அண்ணன் வந்துடறான். இன்னொண்ணுல வேலைக்காரர் முதலாளி மேல கை ஓங்கறார். கரண்ட் போயிடுது. இந்தக் கடைசிக் கதையில புருஷனுக்குத் தெரியாம கார் கத்துக்கிட்ட ஒரு அம்மா, விடிகாலையில அவர் சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பறாங்க. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கேட் பக்கம் வந்து, கொஞ்சம் இரும்மா, நான் அவர்கிட்ட பேசறேன்ங்கறார். புருஷன் வந்து சிரிச்சுக்கிட்டே, சாவி உன்கிட்டயே இருக்கட்டும்னுடறார். உங்க கதையில யாருமே எதுலயும் போய் இடிக்க மாட்டேங்கறாங்களே, ஏன்?"

"நல்லவங்க மேடம் அவங்க. எதுக்கு இடிக்கணும்?"

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். நீர் சிரிக்காதீர் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "பக்கத்து வீட்டுக்காரர் வராம இந்த முடிவை மறுபடி எழுதிப் பாருங்க. நாளைக்கு மதியம் படிச்சுக் காட்டுங்க. அதைக் கேட்டுட்டு முடிவு பண்றேன்" என்றார் எடிட்டர்.

பயிற்சிக் காரில்தான் வந்திருந்தோம், முதலாளி கொடுத்திருந்தார். வீடு வரும்வரை அண்ணி பொரிந்து தள்ளினாள். "அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? இடிச்சா யார் பொறுப்பு?"

"கதையிலயா அண்ணி?"

"கதையிலதான்."

மறுநாள் காலை மருந்துக்கடைக்காரர் தன் புதுக் கதையைப் படித்தார். ஒரு பஸ், மலைப்பாதை, மழை. போதாதா? நான் பிஸ்கட்டைத் தவற விட்டேன். எடுக்கக் குனிந்தபோது மேசைக்கு அடியில் பார்த்தேன். அண்ணியின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பு வளைந்து, கணுக்கால் நரம்பு புடைத்திருந்தது. அவர் பஸ்ஸை இவள் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து, "அண்ணி, கால்" என்றேன் மெதுவாக.

அவள் குனிந்து பார்த்தாள். வீட்டில் ஆயிரம் தடவை கேலி செய்திருக்கிறோம், ஒரு தடவைகூட அவள் இப்படிப் பார்த்ததில்லை. மேலே பஸ் பள்ளத்தில் விழுந்து முடிந்தது. கைதட்டினார்கள். அண்ணி இன்னும் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நான்தானா?" என்றாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வந்த அண்ணனும் நீங்கதான். கரண்ட்டும் நீங்கதான்" என்றேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், ஏதோ நானே கதை எழுதிவிட்ட மாதிரி.

சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிட வரவில்லை. காருக்குப் போனாள். பின்னாலேயே போனேன். பழக்க தோஷத்தில் முன்கதவைத் திறந்து தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்து போனை எடுத்தாள். கால் தானாகப் போய் பிரேக்கில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் விரல் அசையவில்லை. சட்டென்று இறங்கி, பின்கதவைத் திறந்து, பின் சீட்டின் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"இங்க கால்கிட்ட ஒண்ணுமே இல்லடி" என்றாள். குரலில் பயம் இருந்தது.

"நான் முன்னால உட்காரட்டுமா?"

"வேணாம். நீ போய்ச் சாப்பிடு."

எனக்கு எங்கே சாப்பாடு இறங்கும்? மாடிப்படியில் நின்று பார்த்தேன். கட்டைவிரல் வேகமாக ஓடியது. ஒரு இடத்தில் நின்று, கண்ணை மூடி, மறுபடி ஓடியது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழுதுகிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று படியிலேயே நின்றேன்.

அவள் முறை வந்ததும் எழுந்து நின்றே படித்தாள். குரல் முதலில் தடுமாறியது. விடிகாலை. அந்த அம்மா வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறாள். கேட் பக்கம் யாரும் வரவில்லை. டமார் என்று தூணில் இடித்து ஒரு பக்கத்துக் கண்ணாடி பெயர்ந்து விழுகிறது. அந்த இடத்தில் மருந்துக்கடைக்காரர் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். புருஷன் லுங்கியோடு ஓடி வந்து கத்துகிறான். மிச்சமிருக்கிற கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே போகிறான். அவள் நிறுத்தவில்லை. பெரிய ரோடு வந்த பிறகுதான் வேகத்தைக் குறைக்கிறாள். எங்கே போவது என்று தெரியவில்லை. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. இருந்தாலும், கற்றுக்கொண்டபடியே, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத் திரும்புகிறாள்.

அவ்வளவுதான். அண்ணி உட்கார்ந்தாள். நான் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். இரண்டு காலையும் நாற்காலிக்குக் கீழே பின்னிக்கொண்டிருந்தாள்.

எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த இண்டிகேட்டர்ல யாரும் கை வைக்கக் கூடாது, நான் உள்பட. கதை தொகுப்புல வருது" என்றார்.

மருந்துக்கடைக்காரர் எங்கள் பக்கம் சாய்ந்தார். "அந்தம்மா செத்துடுவாங்களோன்னு பயந்தே போயிட்டேங்க."

"எனக்கும் அதே பயம்தான் சார்" என்றாள் அண்ணி. சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் அழவே ஆரம்பித்துவிட்டேன்.

கீழே வந்ததும் சாவியை என்னிடம் நீட்டினாள். "நீ ஓட்டு. எனக்கு இந்தக் கதையை இன்னொரு தடவை படிக்கணும்."

"நிஜமாவா?"

"லைசென்ஸ் வெச்சிருக்கியே, வேற எடத்துல வாங்கினது." அதையும் விடவில்லை. பிறகு பின்கதவைத் திறந்து, "இன்னிக்கு நான் பாசஞ்சர்" என்று ஏறி உட்கார்ந்து, போனில் தன் கதையைத் திறந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.

நூலகத்தின் கேட் கொஞ்சம் குறுகல். நான் வளைத்து எடுத்தேன். தூண் நெருங்கி வருவது தெரிந்தது. இருந்தாலும் என் மனசில் ஒரு தைரியம், கார்தான் தானாக நின்றுவிடுமே. அண்ணியோடு போகும்போது அப்படித்தானே நிற்கும். முன் சீட் காலியாக இருப்பது உறைத்தபோது நேரம் கடந்துவிட்டது. பக்கவாட்டுக் கண்ணாடி தூணில் உரசி, மடங்கி, தொங்கியது.

வண்டியை நிறுத்தினேன். திரும்பிப் பார்க்கப் பயம். இத்தனை வருஷமாக ஒரு கீறல் காணாத கார். முதலாளியின் முகம் கண்முன் வந்தது. பின்னால் ஜன்னலை இறக்கும் சத்தம். அண்ணி தலையை வெளியே நீட்டித் தொங்குகிற கண்ணாடியைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள்.

"இந்தச் சத்தமாடி வரும்?" என்றாள்.

"அண்ணி, நான் வேணும்னு..."

"நான் டமார்னு எழுதிட்டேனே. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்டதில்லையா, எனக்கு எப்படித் தெரியும்? இது டமார் இல்ல. கிர்ர்ருனு நீளமா வருது, கடைசியில ஒரு டொக்." சொல்லிக்கொண்டே போனில் அந்த வரியைத் தேடிப் பிடித்து, அழித்து, புதிதாக எழுதினாள். எழுதி முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"முதலாளிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"இடிச்சுதுன்னு சொல்லப் போறேன். வண்டியை எடு."

எடுத்தேன். மதிய வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

"இண்டிகேட்டர்" என்றாள் அண்ணி, போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.