சப்வூஃபரும் சகுந்தலா அம்மாள் காதும்

கோவளத்தில் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வைக்க வேண்டும் என்றால் அப்துல் சுபஹானைத்தான் கூப்பிடுவார்கள். நான் எலெக்ட்ரீஷியன். அவன் பெட்டி வைக்கிற வீட்டில் ஒயர் இழுப்பது என் வேலை. பதினாறு வருஷமாக ஒரே வண்டியில் போய் வருகிறோம்.

சுபஹான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கந்தூரி, மாதா தேர், ஆடிக் கூழ் என்று எந்த விசேஷமானாலும் மைக் செட் கட்டிய ஆள். இருபது வருஷம் ஆள் உயரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றே காலம் போனது. ஈ.சி.ஆர். ஓரமாக வீடுகள் வர ஆரம்பித்ததும் ஹோம் தியேட்டருக்கு மாறிக்கொண்டான். அதிகம் பேச மாட்டான். பேசினால் நக்கல்தான் வரும்.

போன வருஷம் புதுப்பட்டினத்தில் ராமானுஜம் சார் வீட்டு வேலை வந்தது. அணுசக்தி ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு சப்வூஃபர் வேண்டும். இடி, வெடி, ட்ரம் மாதிரி அடிச்சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு பெட்டி, அதுதான் சப்வூஃபர். பேச்சு மற்ற ஸ்பீக்கரில் வரும். சார் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பதினைந்து இஞ்சுக்குக் குறையக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். ஹாலோ பன்னிரண்டுக்குப் பதினாறு அடி.

"சார், இது பந்தல் இல்ல. பதினஞ்சு இஞ்ச் வச்சா ஷோகேஸ்ல கீற பொம்மைங்கல்லாம் எறங்கி வந்து ஆடும்," என்றான் சுபஹான்.

பத்து இஞ்ச் போதும், அதுவும் ஓட்டை வைக்காத மூடின பெட்டி என்றான். ஓட்டை வைத்தது சத்தம் கூடுதலாகக் கொடுக்கும், ஆனால் சின்ன ஹாலில் கொழகொழத்துப் போகும். மூடின பெட்டி அடித்தால் அடித்ததோடு நிற்கும். சார் ஒரு தாளில் என்னவோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

டிவிக்குப் பக்கத்து மூலையில் பெட்டியை வைத்தோம். சுபஹான் ஹால் நடுவில் நின்று கேட்டான். பத்தவில்லை என்று பெட்டிக்குப் பின்னால் இருந்த வால்யூம் திருகை ஏற்றினான். திரும்பவும் நின்றான், திரும்பவும் ஏற்றினான். நெஞ்சில் இடித்ததும் போதும் என்றான். சார் கை கொடுத்தார். வந்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து, பால்கனி ஃபேன் ஓடவில்லை என்று சார் எனக்குப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார். செட் பிரமாதமாம். அவர் மனைவி சகுந்தலாவுக்குத்தான் காது மந்தமாகிவிட்டதாம். படத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் புரியவில்லையாம். செங்கல்பட்டில் காது டாக்டரிடம் சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறாராம். அந்த அம்மாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பவர். சுருதி கேட்காத காதோடு இனி என்ன சொல்லிக் கொடுப்பது என்று வகுப்பையே நிறுத்திவிட்டாராம்.

இதை டீக்கடையில் சுபஹானிடம் சும்மாதான் சொன்னேன். அவன் கிளாசைக் கீழே வைத்துவிட்டான்.

"அந்தம்மா எங்க குந்திகினு படம் பாப்பாங்க?"

சோபாவில்தான், பின்சுவரை ஒட்டி, என்றேன்.

"நான் எங்க நின்னேன் அண்ணாத்த?"

நடுவில் நின்றான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாலு சுவருக்குள் அடிச்சத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. சுவரோரம் குவியும், நடுவில் வற்றும். நடுவில் நின்று பத்தவில்லை என்று ஏற்றினால், சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அது இடியாக இறங்கும். பேச்சை அப்படியே மூடிவிடும். பந்தலுக்குச் சுவர் கிடையாது. மைக் செட்டுக்காரன் உட்கார்ந்து கேட்பதும் கிடையாது.

விட்டுவிடு என்றேன். செட் நன்றாக இருக்கிறது என்று அவரே சொல்கிறார். நீயாகப் போய்த் தப்பை ஒத்துக்கொண்டால் அந்தப் பக்கம் ஒருத்தனும் உன்னைக் கூப்பிட மாட்டான் என்றேன்.

"கூப்டாட்டி போறானுங்க. அந்தம்மா தன் காது பூட்ச்சினு நெனச்சிகினு கீது."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நேரே அங்கே போனோம். அந்த அம்மாள் உட்காரும் இடத்தில், சோபா மேலேயே பெட்டியைத் தூக்கி வைத்தான். ட்ரம் அடிக்கிற பாட்டு ஒன்றை ஓடவிட்டு, தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, சுவரோரமாக நாலு காலில் தவழ ஆரம்பித்தான். தரையில் எந்த இடத்தில் அடி தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், சோபாவிலும் அப்படியே கேட்கும். இந்த வழி அவனுக்கு முன்பே தெரியும். தான் போய்த் தவழ்வதா என்று அன்றைக்கு அவன் செய்யவில்லை, அவ்வளவுதான்.

"என்னப்பா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்றார் சார்.

"மானத்த சார். இங்கதான் எங்கயோ வுட்டுட்டு பூட்டேன்."

ஷோகேசுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில் இடம் அகப்பட்டது. பெட்டியை அங்கே மாற்றினோம். சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தோம். திருகைப் பாதிக்கும் கீழே இறக்கினான். பிறகு சகுந்தலா அம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, படம் போட்டு, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். படத்தில் இடி மழை. வாசலில் நின்று ஒருவன் என்னவோ சொன்னான்.

"இன்னா சொல்றான் மேடம்?"

"சாவி பூந்தொட்டிக்குள்ள இருக்குங்கறான்." அடுத்த வசனத்தையும் அவராகவே சொன்னார்: "நீயே வந்து தொறன்னு சொல்றா அவ."

"ஒங்க காதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். ஒக்காந்து கேக்க வேண்டியத நான் நின்னுகினு கேட்டுட்டு பூட்டேன். தப்பு என்னுது."

சார்தான், எதற்கும் நாளைக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடலாமே என்று இழுத்தார்.

"காட்டுங்களேன், உங்க காதை. படத்துல பேச்சு கேக்கலைன்னு மூணு வாரமா கத்தினேனே, என் பேச்சு எதுல விழுந்துது?"

அந்த அம்மாள் படத்தை நிறுத்தச் சொன்னார். போனை எடுத்து, பாட்டு படிக்கிற ஒரு பெண்ணின் அம்மாவிடம், நாளைக்குக் காலை பத்து மணிக்கு வகுப்பு இருக்கிறது, நோட்டோடு அனுப்புங்கள் என்றார். டாக்டர் கொடுத்திருந்த நேரமும் அதே பத்து மணிதான்.