பாசித் தொட்டியில் கஞ்சித் துணி

திருத்தணி வீட்டு மாடியில் என் மனைவி ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி வளர்த்தாள். தார்ப்பாய்த் தொட்டி, அதில் பச்சைத் தண்ணீர். அத்தனை சத்தாம், வருங்காலத்தில் ஊரே இதைத்தான் தின்னப் போகிறதாம். பயிற்சிக்குப் போய் வந்த நாளிலிருந்து இதே பேச்சு. எனக்கோ அந்த வாடை தொண்டையிலேயே நிற்கும். பாசியைத் துணியில் வடித்து, வீட்டு இடியாப்ப அச்சிலேயே பிழிந்து வெயிலில் காயவைத்தாள். அன்றோடு நான் இடியாப்பத்தைத் தலைமுழுகினேன்.

"இது எப்ப சாவும்?" என்று தினமும் கேட்பேன். சிரிப்பாள். கூலிக்கு லுங்கி மடித்துக் கொடுத்தே காலம் போன அவளுக்கு இது ஒன்றுதான் சொந்தத் தொழில். அரக்கோணத்து வியாபாரி ஒருவர் வெள்ளிக்கிழமை தொட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் மாதாமாதம் எடுத்துக்கொள்வார்.

அந்த வாரம் பார்த்து அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்று பள்ளிப்பட்டு போனாள்.

"செவ்வாக்கெழம ஒரு தபா வடிச்சிடுங்க. வடிச்ச தண்ணிய தொட்டியிலயே ஊத்திடுங்க."

"ஆங்."

வடிதுணி பச்சை பிடித்து விறைத்துக் கிடந்தது. தொடவே கூசியது. நான் ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிறவன். தறியிலிருந்து அறுத்த புதுத் துணி வீட்டில் இருந்தது. இதைவிடச் சுத்தம் ஏது என்று அதிலேயே குடம் குடமாக வடித்தேன். நெய்வதற்குமுன் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அதில் மொடமொடவென்று இருந்தது. இருபது வருஷமாகக் கஞ்சியோடு புழங்குகிறவனுக்கு அது கண்ணிலேயே படவில்லை. துணியை அலசிய தண்ணீரையும் தொட்டியிலேயே ஊற்றினேன்.

வியாழக்கிழமை அவள் வந்தபோது தொட்டி மஞ்சளித்து, நுரைத்து, ஊசிப்போன கூழும் செத்த மீனும் சேர்ந்தாற்போல் நாறியது. நான் சுவரோரம் வாந்தி எடுத்தேன். அவள் கொடியில் கிடந்த புதுத் துணியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். அதிலிருந்த கஞ்சியெல்லாம் தொட்டிக்குள் போயிருந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணும்னே பண்ணீங்களா?"

"சத்தியமா இல்ல."

அவள் நம்பவில்லை. தினமும் எப்போது சாகும் என்று கேட்டவனை யார் நம்புவார்கள்? பாசியைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அலமாரியில் ஒரு சின்ன டப்பாவில் காய்ந்த பாசி கொஞ்சம் இருந்தது. அவள் எதிரிலேயே அத்தனையையும் வாயில் கொட்டி, குமட்டக் குமட்ட விழுங்கினேன்.

அவள் காலி டப்பாவை வாங்கி மூடினாள்.

"நாளைக்கி அவருக்குக் காட்றதுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்."